தோட்டக் குழாயை நீச்சல் குளத்துடன் இணைப்பது குறித்துத் தெளிவுரை கோருதல்

‘குடிநீர்க் குழாயின் வாய், அது நிரப்பும் தொட்டியின் தண்ணீரைத் தொடக் கூடாது. வாய்க்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே குறைந்தது ஒரு ஜாண் காற்று இருக்க வேண்டும்.’

எங்கள் துறையின் கையேட்டில் இந்த விதிக்கு இரண்டே வரிகள்தான் ஒதுக்கியிருந்தார்கள். அலுவலக நாற்காலிக்கு மெத்தை வாங்கும் விதி ஒன்றரைப் பக்கம். எந்தத் துறை என்று நான் சொல்லப் போவதில்லை. தண்ணீர் வராத குழாயைப் பார்த்து மக்கள் யாரைத் திட்டுகிறார்களோ, அந்தத் துறை.

விதிக்குக் காரணம் எளிது. குழாய்த் தண்ணீர் ஒரே திசையில்தான் ஓட வேண்டும் என்று தண்ணீருக்கு யாரும் ஆணை அனுப்பவில்லை. அழுத்தம் இருக்கும்வரை முன்னே போகும். மேலே வால்வை மூடி, கீழே யாராவது உறிஞ்சினால், தொட்டியில் இருப்பது குழாய்க்குத் திரும்பிவிடும். நடுவில் காற்று இருந்தால் உறிஞ்சுகிறவருக்குக் காற்றுதான் கிடைக்கும்.

போன மாதம், என்னிடம் முன்பு வேலை பார்த்து இப்போது நல்ல பதவியில் இருக்கும் ஒரு பொறியாளர் வீட்டுக்கு வந்தார். கையில் பளபளவென்று ஒரு பித்தளை வால்வு. “மேடம், இத மாட்டிட்டா தண்ணி திரும்பியே வராது. ஒங்க காலத்துல இதெல்லாம் இருந்திச்சா?” என்று கேட்டார். இருந்தது. விழுப்புரம் பண்டகசாலையில் இருந்தது. அதை வெளியே எடுக்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அந்தப் படிவம் இருப்பில் இல்லை. திண்டிவனம் நீச்சல் குளத்தைப் பற்றி எழுதுங்கள் என்று அவர்தான் சொல்லிவிட்டுப் போனார். எழுதுகிறேன். அவர் எதிர்பார்க்கும் பாடம் இதில் இருக்குமா என்று தெரியவில்லை.

பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் தண்ணீர் எப்படி ஓடும் என்று படித்தேன். பயிற்சிக் காலத்தில் ஒரு வருடம் கோப்பு எப்படி ஓடாது என்று கற்றுக்கொண்டேன். அதன் பிறகு, எண்பதுகளின் தொடக்கத்தில், திண்டிவனம் பிரிவுக்கு இளநிலைப் பொறியாளராக வந்தேன். என் மேலதிகாரி தணிகாசலம், உதவிச் செயற்பொறியாளர், விழுப்புரத்தில் இருந்தார். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரம். தபாலில் பதினோரு நாள். நானே கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால், தபால் வழியாக வரவில்லை என்று வாங்க மாட்டார்கள். ஆகவே கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுப் பத்து நாள் கழித்து நான் பஸ் ஏறுவேன். பல முறை நான்தான் முந்தியிருக்கிறேன்.

திண்டிவனத்துக்கு வெளியே ஒரு மேட்டில் ஒரு பயிற்சி நிலையம். அதன் முதல்வர் ஏதோ ஒரு வெளிநாட்டுக்குப் போய் வந்தவர். போன இடத்தில் நீச்சல் குளத்தைப் பார்த்திருக்கிறார். வந்ததும் கட்டிவிட்டார். நீல ஓடு பதித்து, ஏணி வைத்து, சுற்றிலும் குரோட்டன்ஸ் செடி நட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் குளத்துக்காகப் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் பாறையும் தூசியும் மட்டுமே இருப்பது தெரிந்தது. ஒரு பெரிய அதிகாரி வந்து திறந்து வைப்பதாக ஏற்பாடு.

குளத்தின் நிரப்புக் குழாய் நீர்மட்டத்துக்குக் கீழே, சுவர் வழியாக உள்ளே போகிறது. அதன் மறுமுனை புல்தரையில் மூடியோடு நிற்கிறது. அங்கிருந்து பன்னிரண்டு அடியில் ஒரு தோட்டக் குழாய், ஊர்க் குடிநீர் இணைப்பு. முதல்வர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பன்னண்டு அடிதானம்மா. ஒரு பைப்ப மாட்டிட்டா முடிஞ்சிது.”

“மாட்டக் கூடாதுங்க சார். தோட்டக் குழாய்த் தண்ணி தனியா ஒரு தொட்டியில மேலேருந்து விழணும். தொட்டியிலேருந்துதான் குளத்துக்குப் போகணும். நடுவுல ஒரு ஜாண் எடம் விடணும்.”

“மேலேருந்து கொட்டுறதா? டீக்கடை வாசல் மாதிரி இருக்குமே. வர்றவரு என்ன நெனைப்பாரு?”

காற்றைக் காட்டி ஒருவரைச் சம்மதிக்க வைப்பது கடினம். விதியைச் சொல்லி, படம் வரைந்து, ‘தோட்டக் குழாயை நீச்சல் குளத்துடன் நேரடியாக இணைக்கலாமா, கூடாதா எனத் தெளிவுரை வழங்க வேண்டுகிறேன்’ என்று விழுப்புரத்துக்கு எழுதினேன்.

கடிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரே சொல்: ‘பேசவும்.’

தணிகாசலம் நல்ல மனிதர். இருபத்தெட்டு வருடப் பணியில் யாருக்கும் ‘இல்லை’ சொல்லாதவர். ‘ஆம்’ சொன்னதும் கிடையாது. போனவுடன் உட்காரச் சொல்லி டீ வரவழைப்பார். தான் குடிக்க மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, குண்டூசி மெத்தையை எதிரே இழுத்து, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வட்டமாகக் குத்திக்கொண்டே கேட்பார். உண்மையாகவே கேட்பார். அதுதான் சங்கடம்.

“பேசவும்னு போட்டிருந்தீங்க சார்.”

“ஆமா. பேசுங்கம்மா.”

கால் மணி நேரம் பேசினேன். அழுத்தம், உறிஞ்சல், ஒரு ஜாண் காற்று. வட்டம் முடிந்துவிட்டது. நடுவில் ஒரு ஊசியைக் குத்தினார்.

“ரொம்பக் கரெக்ட்டு. அப்படியே எழுதிக் குடுங்க.”

“எழுதித்தான் சார் குடுத்தேன். அதுலதான் பேசவும்னு போட்டீங்க.”

“அது நீங்க எழுதினது. இப்ப பேசினீங்க பாருங்க, அத எழுதுங்க.”

எழுதினேன். ஒரு வரிகூட மாறவில்லை. அதை ‘உரிய தெளிவுரை வேண்டி’ சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு மேலனுப்பினார். பிறகு ஒரு நாள் போன் வந்தது.

“மெட்ராஸ்லேருந்து பதில் வர்ற வரைக்கும், கனெக்‌ஷன குடுத்துடுங்கம்மா. ஒப்புதலை எதிர்பார்த்து.”

“அத எழுத்துல குடுங்க சார்.”

“அலோ? அலோ? லைன் சரியா கேக்கல,” என்றார். எனக்கு அவர் பேனாவை மூடும் சத்தம்கூடக் கேட்டது.

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. வேலைக்கு வந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. பணியிடக் குறிப்பேட்டில் ‘உதவிச் செயற்பொறியாளரின் தொலைபேசி ஆணைப்படி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிட்டரைக் கூப்பிட்டேன்.

பிட்டர் ஏழுமலைக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. வளவனூர்ப் பக்கத்துக்காரர். பன்னிரண்டு வருடமாகத் தினக்கூலி. தினக்கூலிகளை நிரந்தரமாக்கும் பட்டியல் ஒன்று அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. அதில் அவர் பெயர் மூன்றாவது. ‘இவர்மீது குற்றச்சாட்டு ஏதும் இல்லை’ என்று ஒரு சான்று போனால் போதும், ஓய்வூதியம் உள்ள மனிதராகிவிடுவார். விளக்கம் கேட்டு ஒரே ஒரு குறிப்பாணை அவர்மேல் இருந்தாலும் பெயரை அடித்துவிடுவார்கள். பன்னிரண்டு வருடமும் புல்தரையில் ஊற்றிய தண்ணீர்தான்.

தோட்டக் குழாயின் திருகைக் கழற்றி, சணல் சுற்றி, எல்போ, பைப்பு, வேண்டும்போது கழற்றி மாட்ட ஒரு யூனியன், ஒரு கேட் வால்வு என்று நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டார். பைப் ரிஞ்சைத் தோளில் சாய்த்துக்கொண்டு குளத்தையும் கீழே இறங்கும் தெருவையும் பார்த்தார்.

“மேடம், நா சொல்றனேன்னு கோச்சிக்காதீங்க. இது மேடு. அது பள்ளம். தண்ணி சும்மா இருக்காது.”

“தெரியும் ஏழுமலை. அதுக்குத்தான் வால்வு. ரொம்பினதும் மூடிடச் சொல்லியிருக்கேன்.”

முதல்வர் மூடவில்லை. குறையக் குறையத் தானே நிரம்பிக்கொள்ளும் என்று எப்போதும் திறந்தே வைக்க உத்தரவிட்டிருந்தார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

குளம் நிரம்பியது. பெரிய அதிகாரி வந்தார், ரிப்பன் வெட்டினார், ஒரு விரலை நனைத்துக்கொண்டு போனார். பயிற்சிக்கு வந்த நாற்பது பேரும் தினமும் காலையில் இறங்கினார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு சோப்புப் போட்டுக் குளித்தார்கள்.

அடுத்த வாரமே புகார் வந்தது. குளத்தில் தினமும் ஒரு முழம் தண்ணீர் குறைகிறது. காலையில் குழாயில் தண்ணீர் வரும் இரண்டு மணி நேரத்தில் கொஞ்சம் ஏறுகிறது. மறுபடி இறங்குகிறது. வெயிலில் ஆவியாகிறது என்றார் முதல்வர். ஒரு முழம் ஆவியானால் திண்டிவனம் முழுக்க இட்லி வெந்திருக்கும். ஓட்டுக்குப் பின்னால் விரிசல் என்றார் ஒருவர். கட்டிய மேஸ்திரி வந்து, குளத்தில் கையை விட்டுத் துழாவி, விரிசல் தன் பரம்பரையிலேயே இல்லை என்று சத்தியம் செய்தார்.

தணிகாசலம் ஆய்வுக்கு வந்தார். ஜீப்பின் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் கேன் கிடந்தது. ஒரு செருப்பைக் கழற்றினார். கரையில் நின்று கட்டைவிரலை மட்டும் தண்ணீரில் விட்டார். கண்ணை மூடினார். பிறகு புல்தரைக்கு வந்து ஏழுமலை போட்ட யூனியனைச் சற்று நேரம் பார்த்தார். யாரோ உறவினர் வீட்டில் சாப்பாடு என்று சொல்லிப் போய்விட்டார்.

பன்னிரண்டாம் நாள் தணிகாசலத்திடமிருந்து ஏழுமலை பெயருக்குக் குறிப்பாணை வந்தது. ‘நிரப்புக் குழாயின் இணைப்பைக் கவனக்குறைவாகச் செய்து நீர் விரயத்துக்குக் காரணமானதற்காக உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என பன்னிரண்டு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.’ தபாலில் கடந்த நாட்கள் போக, விளக்கம் எழுத மீதி இருந்தது ஒரு நாள்.

ஏழுமலை அதைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார். பிறகு என்னைப் புல்தரைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

“ஒரு மொழம் தண்ணி என் ஜாயிண்ட்டுல ஒழுவுனா, இந்நேரம் இங்க நாத்து நட்டிருக்கலாம் மேடம். மண்ணப் பாருங்க, மல்லாட்ட காயப்போடலாம்.”

வேர்க்கடலை காயப்போடும் அளவுக்கு மண் காய்ந்துதான் கிடந்தது. நேரம் காலை பத்து. ஊர்க் குழாயில் தண்ணீர் நின்று இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வால்வு திறந்தே இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஏழுமலை அதை மூடிவிட்டு, யூனியனைக் கழற்றி, தெருப் பக்கம் போகும் பைப்பின் வாயில் உள்ளங்கையை வைத்தார்.

“ஐயோ, மேடம்! கைய புடிச்சி இழுக்குது!”

“விளையாடாதீங்க.”

“நீங்க வெச்சிப் பாருங்க.”

வைத்தேன். இழுத்தது. சீராகக்கூட இல்லை. இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு வேலை செய்வது போல. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பைப்பைத் திரும்ப மாட்டி, வால்வைத் திறந்துவிட்டு, தெருவில் இறங்கினோம்.

எங்கள் பக்கத்து ஊர்களில் அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தால், வாசலில் ஆளுயரம் குழி தோண்டிக் குழாயைக் கீழே இறக்குவார்கள். அதிலும் வராவிட்டால் குழாய்மேல் அடி பம்பை மாட்டி உறிஞ்சுவார்கள். விதிப்படி குற்றம். விதிப்படி அந்தக் குற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டியவள் நான். அந்தத் தெருவில் பதினெட்டு வீட்டிலும் அடி பம்பு இருந்தது. மற்ற தெருக்களில் தண்ணீர் நின்ற பிறகு நாலு குடம் உறிஞ்சினால் குழாய் வறண்டுவிடும். இங்கே ஒரு பம்பும் ஓயவில்லை. வாசலெல்லாம் நனைந்து, செடியெல்லாம் துளிர்த்து, ஒருவர் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

தெருக்கோடியில் கன்னியம்மா என்ற பெண்மணி பம்பை அடித்துக்கொண்டிருந்தார்.

“எப்போலேருந்துங்க இப்படி வருது?” என்றேன்.

“ஒரு மாசமா. ராத்திரி பகலு பாக்கறதில்ல. மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா. கூழுகூட ஊத்தியாச்சி, நீங்கதான் வர்ல.”

“தண்ணி வாசனை வரலியா?”

“பிளீச்சிங் பவுடரு வாசன வரும். சோப்பு வாசனகூட வரும். துணி வெளுப்பா வருது. கவர்மெண்ட்டே சோப்பு போட்டு அனுப்புதுன்னு எங்க ஊட்டுக்காரரு சொல்லிக்கினு இருக்காரு.”

ஏழுமலை மேட்டுக்கு ஓடி வால்வை மூடினார். கன்னியம்மாவின் பம்புக் கை இரண்டு அடியில் கனத்து நின்றது. திறந்தார். தண்ணீர் வந்தது. மறுபடி மூடினார்.

“இன்னாம்மா இது பேஜாரு? ஆத்தா எதுக்கு இப்படி விட்டு விட்டுக் குடுக்கறா?”

உண்மையைச் சொல்லிவிட்டேன். இது மேட்டில் நாற்பது பேர் குளிக்கும் நீச்சல் குளத்துத் தண்ணீர், இனிமேல் ஒரு சொட்டும் குடிக்காதீர்கள் என்றேன். கன்னியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“கொளத்துத் தண்ணியா? நாங்க பொறந்ததுலேருந்து கொளத்துத் தண்ணிதாம்மா குடிச்சோம். எங்க கொளத்துல ஆளு மட்டுமா குளிச்சிது? வந்துட்டாங்க, நல்ல தண்ணிய நிறுத்த.”

அன்று மதியமே பைப்பைக் கழற்றிவிட்டோம். தோட்டக் குழாய் பழையபடி ஆனது. தெருவில் யாருக்கும் வயிற்றுப்போக்குக்கூட வரவில்லை. முதல்வர் கணக்கில்லாமல் கொட்டிய பிளீச்சிங் பவுடருக்கு நன்றி. மறுநாள் பதினெட்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டு, முன்பு வந்த நல்ல தண்ணீரைத் திரும்ப விடும்படி எனக்கு மனுக் கொடுத்தார்கள். என் பணிக்காலத்தில் குடிநீரைப் பாராட்டி வந்த ஒரே மனு அது.

நான் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். ஏழுமலை எழுத வேண்டிய விளக்கத்தை நானே எழுதிக் கையில் வைத்திருந்தேன். டீ வந்தது. ஊசி மெத்தையும் வந்தது. கண்டதையெல்லாம் சொன்னேன்.

“குறிப்பாணையை ரத்து பண்ணிடுங்க சார். ஏழுமலை மேல தப்பு இல்ல.”

“ரத்துன்னா காரணம் எழுதணுமேம்மா.”

“எழுதுங்க சார். போன்ல சொல்லி இணைப்பு குடுத்தோம், தெருவுல இருக்கறவங்க குளத்துத் தண்ணிய உறிஞ்சிக் குடிச்சிட்டாங்கன்னு.”

“எந்தத் தெரு?”

சொன்னேன். ஊசியைக் குத்தப் போன கை நின்றது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“அங்க என் மச்சினிச்சி வீடு இருக்கு.”

“தெரியும் சார். எதிர் வீட்டுல சொன்னாங்க. வாரா வாரம் ரெண்டு கேன்.”

“விழுப்புரத்துல எங்க வீட்டுத் தண்ணி உப்பும்மா,” என்றார் மெதுவாக. “இது நல்லா இருந்திச்சி. டிகாக்‌ஷனுக்குன்னே கொண்டு வருவேன்.”

“நாப்பது பேர் சோப்பு போட்டுக் குளிச்சது சார்.”

ஊசி மெத்தையை ஓரமாகத் தள்ளினார். என்னைப் பேசவும் சொல்லவில்லை, எழுதவும் சொல்லவில்லை. அவருக்குக் கீழே வேலை பார்த்த காலத்தில் அது ஒரு முறைதான் நடந்தது. பிறகு தானே பேனாவைத் திறந்து எழுதினார்: ‘தலைமை அலுவலகத்தின் தெளிவுரை வரும்வரை இக்குறிப்பாணைமீதான நடவடிக்கை நிறுத்தி வைக்கப்படுகிறது.’

ரத்து செய்யக் காரணம் வேண்டும். நிறுத்தி வைக்க வேண்டாம். எங்கள் துறையின் மிக உயர்ந்த கண்டுபிடிப்பு இதுதான்.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். சென்னை ‘நேரடியாக இணைக்கலாம்’ என்று பதில் சொன்னால், இணைப்பு சரி, ஆகவே கசிந்தது ஏழுமலையின் வேலை. ‘இணைக்கக் கூடாது’ என்று சொன்னால், இணைத்த கை ஏழுமலையின் கை. எப்படிச் சொன்னாலும் குறிப்பாணை உயிர் பெறும். அவரைக் காப்பாற்றக்கூடியது ஒன்றே ஒன்று: பதில் வராமல் இருப்பது. நிலுவையில் இருப்பது தெளிவுரைதான், குற்றச்சாட்டு அல்ல. ஆகவே சான்றிதழ் கொடுக்கலாம். கொடுத்தேன். ஏழுமலை நிரந்தரமானார். ஆனால் ஓய்வு பெறும் நாள்வரை குறிப்பாணை எப்போது வேண்டுமானாலும் எழுந்து உட்காரலாம்.

பதில் வரவிடாமல் செய்வது கடினம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். சென்னையிலிருந்து ஒன்பது மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது: வரைபடம் இணைக்கப்படவில்லை. அளவுகோல் குறிப்பிடாமல் ஒரு படம் அனுப்பினேன். அடுத்த வருடம் திரும்பியது: அளவுகோல் இல்லை. அளவுகோல் போட்டு, வடக்குத் திசை போடாமல் அனுப்பினேன். பிறகு வடக்குப் போட்டு, மூன்று பிரதிக்குப் பதில் இரண்டு. ஒரு கடிதத்தில் ஒரு குறைக்கு மேல் சரிசெய்யக் கூடாது என்பது எனக்கு நானே வகுத்துக்கொண்ட விதி. கையேட்டு விதியைக் காப்பாற்றாதவள் இதைக் காப்பாற்றினேன். தணிகாசலம் எல்லாவற்றையும் ஒரு கேள்வி கேட்காமல் மேலனுப்பினார். ஒரே ஒரு முறை ஓரத்தில் ‘பேசவும்’ என்று எழுதி, பிறகு தானே அடித்திருந்தார்.

முதல்வர் மாற்றலாகிப் போனார். தணிகாசலம் ஓய்வு பெற்றார். ஒரு ஜாண் காற்று விட்டு நான் கட்டிக் கொடுத்த தொட்டி வழியாக மெதுவாக நிரம்பிய குளம், புதிய முதல்வருக்கு நீச்சல் பிடிக்காததால், காய்ந்துவிட்டது.

ஏழுமலையின் பிறந்த தேதியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் ஜூன் மாதம் என்று எழுதியிருந்தார். ஆகவே எண்பதுகளின் கடைசியில் ஒரு ஜூன் முப்பதாம் தேதி, விதிப்படி பிற்பகலில், அவர் ஓய்வு பெற்றார். மாலை போட்டோம். துண்டு போர்த்தினோம். பைப் ரிஞ்சைத் துடைத்து என் மேஜைமேல் வைத்து ரசீது கேட்டார்.

“மேடம், அந்த மெட்ராசு பதிலு?”

“இன்னும் வரல.”

“வந்தா எனக்கு ஒரு கார்டு போடுங்க. மாட்டலாமா கூடாதான்னு தெரிஞ்சிக்கலாமில்ல.”

அந்தப் பதில் மறுநாள் காலைத் தபாலில் இரண்டே வரியில் வந்தது. ‘நேரடி இணைப்பு விதிகளுக்குப் புறம்பானது. இணைப்பைச் செய்த பணியாளர், பணியில் இருப்பின், அவர்மீது உடன் நடவடிக்கை எடுத்து அறிக்கை அனுப்பவும்.’ உறையைப் பிரித்த கையோடு வருகை முத்திரையை எடுத்து, மையில் நன்றாக ஒற்றி, யாரும் பிற்பாடு சந்தேகப்படாதபடி அழுத்திக் குத்தினேன்: ஜூலை முதல் தேதி, முற்பகல்.